14,500 ரூபாய்க்கு நுவரெலியா

வெளியில இருந்து பார்க்கிற ஆக்களுக்கு பட்ச் ட்ரிப் ஒரு சின்ன விசயம். மூன்று நாள் போய், படம் எடுத்து, பாட்டுப் பாடித் தொண்டை கட்டி வருகிற ஒரு பயணம். உள்ளே இருக்கிற எங்களுக்கு அது இரண்டு மாதத்து வேலை. முதலில் நாள் பார்க்க வேண்டும். பரீட்சையோடு முட்டக் கூடாது, ஒப்படை குடுக்கிற நாளோடு முட்டக் கூடாது, ஊர்க்கோயில் திருவிழாவோடு முட்டவே கூடாது. பிறகு வீட்டில் அனுமதி. பெடியங்களுக்கு அது ஒரு ஃபோன் கோல். பெட்டையளுக்கு அது நாலு கட்டப் பேச்சுவார்த்தை. "ஆர் ஆர் வருகினம்? எந்த மிஸ் கூட வாறா? எங்க தங்கப் போறியள்? இரவுப் பயணமோ?" இதெல்லாம் தாண்டின பிறகுதான் கடைசிக் கேள்வி வரும். "எவ்வளவு முடியும்?"

நான் எழுத வந்தது அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றி. விளம்பரத்தில் ஒரு விலையைப் போட்டு, முற்பணமும் வாங்கின பிறகு, "அது பிழையாப் போட்ட விலை" என்று ஒருவர் சொன்னால் நாங்கள் என்ன செய்யலாம்? சண்டை பிடிக்கலாமா, பேசாமல் கட்டத்தான் வேணுமா, சட்டம் ஆரின்ர பக்கம்? போன வருடம் எங்கட பட்சுக்கு இது நடந்தது. நடந்ததையும், அதற்காகத் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். அடுத்த ட்ரிப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிற ஆருக்காவது உதவும்.

விளம்பரம் பேஸ்புக்கில் வந்தது. நுவரெலியா, எல்ல. 3 நாள், 2 இரவு. ஏசி பஸ், தங்குமிடம், ஆறு நேரச் சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 14,500 ரூபா. பின்னால் ஒன்பது வளைவுப் பாலத்தில் நீல நிற ரயில். எங்கட ஆக்கள் வேறு இரண்டு இடத்திலும் விசாரித்தார்கள். ஒரு இடத்தில் 16,000, மற்ற இடத்தில் 15,000. ஆகவே 14,500 மலிவுதான், ஆனால் சந்தேகப்படுகிற அளவுக்கு மலிவு இல்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

பட்ச் ரெப் ஃபோன் எடுத்துக் கேட்டான். "ஓம் தம்பி, போஸ்ட்ல போட்டதெல்லாம் அடங்கும்" என்றார் முதலாளி. நாங்கள் 42 பேர். ஆளுக்கு 5,000 முற்பணம். 210,000 ரூபாவை இரண்டு பேர் கொண்டுபோய்க் குடுத்து ரிசீட் வாங்கி வந்தார்கள்.

பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஃபோன் வந்தது.

"தம்பி, ஒரு சின்னப் பிரச்சினை. அந்த விலை பிழையா விழுந்திட்டுது. டிசைன் செய்யிற பெடியன் போன வருச போஸ்டரில நாளை மட்டும் மாத்திப்போட்டு விலையை மாத்தாமல் விட்டிட்டான். 17,500 தான் சரியான விலை."

"அப்ப வராத ஆக்களுக்கு?"

"அட்வான்ஸ் திருப்பித் தரேலாது தம்பி. நான் பஸ்ஸுக்கும் ஹோட்டலுக்கும் கட்டீட்டன்."

வித்தியாசம் ஆளுக்கு 3,000. 42 பேருக்கும் சேர்த்து 126,000.

அன்று பின்னேரமே கன்ரீனுக்குப் பின்னால் கூட்டம் போட்டோம். நல்லாக் கதைக்கிற ஆக்கள் எல்லாரும் கதைத்தார்கள். "3,000 தானே மச்சான், குடுத்திட்டுப் போவம்" என்றான் ஒருத்தன். "அவரும் பாவம், டீசல் விக்கிற விலைக்கு" என்றாள் ஒருத்தி. "பேஜுக்குப் போய் ஆளை நாறடிப்பம்" என்றான் இன்னொருத்தன். அரை மணித்தியாலம் சத்தம் போட்டுவிட்டு, யோசிப்பம் என்று கலைந்தோம்.

அடுத்த இரண்டு நாளில் வட்ஸ்அப் குறூப்பில் ஒவ்வொன்றாக மெசேஜ் வந்தது. "எனக்கு அண்டைக்கு வீட்டில அலுவல் இருக்கு." "சொந்தத்தில ஒரு கலியாணம், மறந்திட்டன்." "காய்ச்சல் வாற மாதிரிக் கிடக்கு." ஆறு பேர். கூட்டத்தில் அந்த ஆறு பேரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மெசேஜிலும் ஒருத்தர்கூட 'காசு இல்லை' என்று எழுதவில்லை.

ஆறாவது ஆள் ஹொஸ்டலில் என்ர பக்கத்துக் கட்டில்காரி. ஊர் முல்லைத்தீவுப் பக்கம். அம்மா தையல் வேலை செய்துதான் அவளையும் தம்பியையும் படிப்பிக்கிறா. மலையே பார்த்ததில்லை என்று சொல்லி, நுவரெலியாக் குளிருக்கு என்று பக்கத்து அறை அக்காவிடம் ஸ்வெட்டர் இரவல் வாங்கி, அதை மடித்துத் தலையணைக்குக் கீழ வைத்திருந்தாள். அவள் எழுதினது, "எனக்குப் பஸ்ஸில சத்தி வரும், நான் வரேல்லை" என்று. இரண்டு கிழமைக்கு ஒருக்கா பஸ்ஸில் நின்றபடி ஊருக்குப் போய்வருகிறவள் அவள்.

எனக்கு அந்த மெசேஜைப் பார்த்த பிறகுதான் சரியான கோபம் வந்தது. சட்டத்துறையில் இறுதி வருடம் படிக்கிற ஒரு அக்காவைத் தேடிப் போனேன்.

அக்கா முதலில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. "விளம்பரம் எண்டது ஒப்பந்தம் இல்லை" என்றா.

நாங்கள் பிஸ்கட் பக்கட்டில் அச்சடித்த விலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அந்த விலைக்கு மேல ஒரு ரூபா கூட்டி விற்றாலும் கடைக்காரருக்குத் தண்டம் விழும் என்று தெரியும். போஸ்டரில் போட்ட விலையும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லையாம். பொதியில் அச்சடிக்கிற உச்ச விலைக்குத் தனியான விதி இருக்கிறது. விளம்பரம் வேறு. "என்னட்ட இது இருக்கு, வந்து கேளுங்கோ" என்கிற அழைப்புத்தான் அது. "இந்த விலைக்கு எனக்குத் தாருங்கோ" என்று கேட்கிறது நாங்கள். "ஓம்" என்று அவர் சொல்லும்போதுதான் இரண்டு பேருக்கும் இடையில் ஒப்பந்தம் வருகிறது.

இலங்கையில் ஒப்பந்தங்களுக்கான பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டம். அதே சட்டம் நடக்கிற தென்னாபிரிக்காவில் இருந்து அக்கா ஒரு பழைய வழக்கைச் சொன்னா. 1909, திரான்ஸ்வால். ஒரு கடைக்காரர் வாசலில் குறைந்த விலைக்குப் புகையிலை என்று பலகை வைத்தார். குறோலி என்கிறவர் போய் ஒரு இறாத்தல் வாங்கினார். திரும்பி வந்து இன்னுமொன்று கேட்டார். கடைக்காரர் தரமாட்டன் என்றார். பலகையில் போட்டிருக்கு, தராமல் போகமாட்டன் என்று இவர் கடைக்குள்ளேயே நின்றார். கடைசியில் குற்றவாளியானது குறோலிதான். பலகை ஒரு முனைவு இல்லை, அதைக் காட்டி விற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த ஏலாது என்பதுதான் தீர்ப்பு.

"அப்ப நாங்கள் தோத்திட்டமோ?" என்று கேட்டேன்.

"இல்லையே. நீங்கள் பலகைக்கு முன்னால நிக்கிற ஆக்கள் இல்லை. நீங்கள் காசு குடுத்தாச்சு, அவர் வாங்கியாச்சு. என்ன விலைக்கு எண்டு வாங்கினவர்? அதுதான் கேள்வி."

இங்கே முதலாளியின் பக்கமும் கொஞ்சம் யோசிக்க வேணும். மனிசர் பிழை விடுவார்கள். உண்மையிலேயே பிழையாகப் போட்ட விலைக்கு ஒருவரைக் கட்டி வைத்து அடிக்கலாமா? அடிக்கேலாது என்பதற்கும் வழக்கு இருக்கிறது. 2003 ஜனவரியில் சிங்கப்பூரில் ஒரு இணையக் கடையில் 3,854 சிங்கப்பூர் டொலர் பெறுமதியான லேசர் பிரிண்டர் 66 டொலர் என்று விழுந்துவிட்டது. ஊழியர் ஒருவர் பயிற்சிக்காகப் போட்ட விலை உண்மையான தளத்துக்குப் போய்விட்டது. ஆறு பேர் நடுச்சாமத்தில் ஒருவரை ஒருவர் எழுப்பி மொத்தம் 1,606 பிரிண்டருக்கு ஓடர் போட்டார்கள். கடை தர மறுக்க, வழக்குப் போட்டார்கள். 2004இல் மேல் நீதிமன்றத்திலும் தோல்வி, 2005இல் மேன்முறையீட்டிலும் தோல்வி. இது பிழை விலை என்று தெரிந்துகொண்டே பாய்ந்தவர்களுக்கு அந்த விலையைக் கேட்கிற உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொன்னது.

பிழை விட்டுவிட்டு அதைத் தாங்களே சுமந்தவர்களும் இருக்கிறார்கள். 2019 புத்தாண்டன்று கதே பசிபிக் விமான நிறுவனம், வியட்நாமில் இருந்து நியூயோர்க்குக்குப் போய்வர ஏறத்தாழ 16,000 அமெரிக்க டொலர் வருகிற வணிக வகுப்புச் சீட்டுகளை 675 டொலருக்கு விற்றுவிட்டது. வாங்கின ஆக்கள் அதே விலைக்குப் பறக்கலாம் என்று நிறுவனம் பகிரங்கமாக அறிவித்தது. பெரிய நிறுவனம், தாங்கும். எங்கட முதலாளி ஒரு பஸ்ஸை வாடகைக்கு எடுத்து ஓடுகிற ஆள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க ஏலாது என்றது எனக்கும் விளங்கியது.

ஆனால் எங்கட கேள்விக்கு விடை சிங்கப்பூர் வழக்கிலேயே இருக்கிறது. 3,854 ரூபாச் சாமான் 66 ரூபா என்றால் ஆருக்கும் மூக்கில் அடிக்கும். மற்ற இரண்டு இடத்திலும் 15,000, 16,000 என்று கேட்ட பயணம் இங்கே 14,500 என்றால் அது பிழை என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? நாங்கள் நம்பினது நியாயமான நம்பிக்கை. அதை நம்ப வைத்தது அவருடைய போஸ்டர். தன்ர கவனயீனத்தால் மற்ற ஆளை நியாயமாக நம்ப வைத்துவிட்டு, பிறகு "எனக்குப் பிழை விளங்கேல்லை" என்று ஒப்பந்தத்தில் இருந்து லேசில் கழன்றுவிட ஏலாது.

அதுக்குப் பிறகு அக்கா கேட்ட கேள்விதான் எல்லாத்தையும் மாற்றினது.

"அந்தப் போஸ்ட் இப்பவும் கிடக்கோ?"

அவ்விடத்திலேயே ஃபோனை எடுத்துப் பார்த்தோம். கிடந்தது. 14,500 என்றுதான் கிடந்தது. முதல் நாள் ஆரோ கீழே "விலை இதுதானா?" என்று கொமெண்ட் போட்டிருக்க, "இன்பொக்ஸ் வாங்க" என்று பேஜ் பதில் போட்டிருந்தது. எங்களுக்கு விலை பிழை என்று ஃபோன் எடுத்து அப்போது மூன்று நாள் ஆகிவிட்டது.

பிழையையும் தூண்டிலையும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும். இரண்டிலும் விலை குறைவு, இரண்டிலும் பிறகு கூடும், இரண்டிலும் முதலாளி மன்னிப்புக் கேட்பார். ஆளின்ர மனசுக்குள் போய்ப் பார்க்க எங்களால் ஏலாது. ஆனால் பிழை என்று தெரிந்த பிறகு ஆள் என்ன செய்தார் என்று பார்க்கலாம். பிழை விட்டவர் முதலில் விளம்பரத்தை இறக்குவார். காசு வாங்கின ஆக்களுக்கு உடனே சொல்லுவார். விரும்பாத ஆக்களுக்கு முற்பணத்தை முழுசாகத் திருப்பிக் குடுப்பார். எங்கட முதலாளி இந்த மூன்றில் ஒன்றையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

இந்த இடத்தில்தான் நாங்கள் பெரும்பாலும் படிக்காத ஒரு சட்டம் வருகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். அதன் 30ஆம் பிரிவு, வியாபாரம் செய்கிற ஒருவர் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துகிற, அல்லது வழிநடத்தக்கூடிய நடத்தையில் ஈடுபடக் கூடாது என்கிறது. 31ஆம் பிரிவு பொய்யாக எடுத்துச் சொல்வதைத் தடுக்கிறது. 'வழிநடத்தக்கூடிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒப்பந்தச் சட்டம் 'காசு குடுத்தாயா, அவர் ஏற்றாரா' என்று கேட்கிறது. இந்தச் சட்டம் அதற்கு முந்தின இடத்தில் இருந்தே பார்க்கத் தொடங்குகிறது. விளம்பரத்தை வாசித்து நம்பின நிமிசத்தில் இருந்து.

என்ர பக்கத்துக் கட்டில்காரிக்குத் தேவையானது இந்த இரண்டாவது சட்டம்தான் என்று எனக்குத் தோன்றியது. 17,500 என்று முதலிலேயே போட்டிருந்தால் அவள் பெயரே குடுத்திருக்கமாட்டாள். அம்மாவிடம் கேட்டிருக்கமாட்டாள். ஸ்வெட்டர் இரவல் வாங்கியிருக்கமாட்டாள். 14,500 என்ற எண்தான் அவளை வரச் சொன்னது. வசதி உள்ள 36 பேருக்கு விளம்பர விலை ஒரு கணக்கு. அந்த ஆறு பேருக்கு அது, பெயரைக் குடுக்கலாமா விடலாமா என்ற முடிவு.

நாங்கள் கடிதம் எழுதினோம். ஒன்றரைப் பக்கம், தமிழில். திட்டு இல்லை, சாபம் இல்லை. நாள் வாரியாக நடந்ததை மட்டும் எழுதினோம். விளம்பரம் பார்த்த நாள், ஃபோன் கதைத்த நாள், முற்பணம் குடுத்த நாள், விலை கூட்டின நாள், அதற்குப் பிறகும் போஸ்ட் கிடந்த நாள். ஸ்கிரீன்ஷொட் நாலு, ரிசீட்டின் பிரதி ஒன்று. மேலே, மாவட்டச் செயலகத்தில் இருக்கிற பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் அலுவலகத்துக்கு என்று விலாசம். அனுப்ப முதல் ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவரிடமே காட்டுவோம் என்று முடிவெடுத்தோம். ரெப்பும், நானும், இன்னும் இரண்டு பேரும் போனோம்.

அலுவலகம் சின்ன அறை. ஒரு மேசை, சுவரில் கதிர்காமப் படமும் ஒரு கலண்டரும். அவர் எங்களுக்கு சோடா வாங்கித் தந்தார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"பிள்ளையள், நான் உங்களை ஏமாத்த நினைக்கேல்லை. மாசா மாசம் எண்ணெய் விலை மாறுது. ஹோட்டல்காரர் சீசனுக்கு ஒரு விலை சொல்லுறார். நான் எங்க போறது?"

"அண்ணை, நீங்கள் ஏமாத்தினீங்கள் எண்டு நாங்கள் ஒரு இடத்திலயும் எழுதேல்லை" என்றேன். "ஆனா போஸ்ட் இன்னும் கிடக்குது."

அவர் தன்ர ஃபோனை எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எங்களுக்கு முன்னாலேயே ஆருக்கோ எடுத்து, "அந்தப் போஸ்டரை இப்பவே எடு" என்றார்.

கடைசியில் 15,000க்கு முடிந்தது. ஒரு நேரச் சாப்பாடு எங்கட செலவு. விலகின ஆக்களுக்கு முற்பணம் முழுசாகத் திரும்பும். அதை ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்தோம். கடிதத்தை அனுப்பவில்லை. அனுப்பியிருக்க வேணும் என்று சொல்கிற ஆக்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அது இன்னும் முடியாத வாக்குவாதம்.

விலகின ஆறு பேருக்கும் திரும்பச் சொன்னோம். நாலு பேர் வந்தார்கள். கலியாணமும் காய்ச்சலும் மாயமாகப் போய்விட்டன, ஆரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. என்ர பக்கத்துக் கட்டில்காரி வரவில்லை. போகேல்லை என்று அவள் சொன்ன அன்றே, ட்ரிப்புக்கு என்று ஒதுக்கி வைத்த மிச்சக் காசை அம்மா தம்பியின்ர ட்யூசனுக்குக் கட்டிவிட்டா. முற்பணம் 5,000 அவளுக்குத் திரும்பக் கிடைத்தது, நாங்கள் ட்ரிப் முடித்து வந்து ஒரு கிழமைக்குப் பிறகு. கணக்குப்படி அவளுக்கு ஒரு சதமும் நட்டம் இல்லை. ஸ்வெட்டரைத் தோய்த்துத் திருப்பிக் குடுத்துவிட்டாள்.

சட்டம் காசைத் திருப்பித் தரும். சிலவேளை நட்டஈடும் தரும். விலகிப் போன ஆளைத் திருப்பிக் கொண்டுவர அதால் ஏலாது. அதனால்தான் ஆரம்பத்திலேயே விலை சரியாக இருக்க வேணும் என்று நான் இப்போது பிடிவாதமாக நிற்கிறேன். அதற்கு நாங்கள் செய்யக்கூடிய சில விசயங்கள் இருக்கின்றன.

விளம்பரத்தைப் பார்த்த உடனே ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், நாளும் பேஜின் பெயரும் தெரிகிற மாதிரி. போஸ்டை மாற்றலாம், அழிக்கலாம். உங்கட ஃபோனில் இருக்கிற படத்தை அவர்களால் அழிக்க ஏலாது.

ரிசீட்டில் முற்பணத்தை மட்டும் எழுத விடாதீர்கள். எங்கட ரிசீட்டில் 'ட்ரிப் அட்வான்ஸ் 210,000' என்று மட்டும்தான் இருந்தது. எத்தனை பேர், ஆளுக்கு முழு விலை எவ்வளவு, என்னென்ன அடக்கம், விலகினால் எவ்வளவு திரும்பும், விலை கூடினால் எத்தனை நாளுக்கு முதல் சொல்ல வேணும் என்று எழுதி வாங்குங்கள். டீசல் கூடினால் விலை கூடும் என்றால் அதையும் அங்கேயே எழுதட்டும். அது நியாயமான நிபந்தனை. முதலே சொல்ல வேணும், அவ்வளவுதான்.

நேரடியாக ஹோட்டல் பிடிக்கிறதாக இருந்தால் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள். அதற்கு அர்த்தம், போட்ட விலைக்கு மேல சேவைக் கட்டணமும் வரியும் வரும் என்பது. 10,000 ரூபா ரூமுக்கு 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல 18 வீதம் வற் வரி என்று போட்டால் கையில் இருந்து போவது 12,980. இது பிழை விலை இல்லை, சின்ன எழுத்தில் சொன்ன விலை. "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

பயண முகவரோ தங்குமிடமோ இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்ததா என்றும் கேளுங்கள். கேட்கிறது மரியாதைக் குறைவு இல்லை.

பிரச்சினை வந்தால் பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். எழுத்தில் குடுப்பது இன்னும் நல்லம். மூன்று மாதத்துக்குள் குடுக்க வேணும். தமிழிலேயே எழுதலாம். இங்கிலீஷில் எழுதினால்தான் எடுபடும் என்று நினைத்துப் பாதிப் பேர் எழுதாமலே விடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று, இது முதலாளிமாருக்கு இல்லை, எங்களுக்கு. விலை கூடின அன்று நாங்கள் கூட்டம் போட்டது கன்ரீனுக்குப் பின்னால், எல்லாருக்கும் முன்னால். அங்கே எழும்பி "எனக்கு 3,000 ஏலாது" என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? இந்த வருடம் ரெப் அதை மாற்றிவிட்டான். ட்ரிப்புக்கு நாள் பார்க்கிறதுக்கு முதல் ஒரு படிவம் அனுப்புகிறான், பெயர் கேட்காத படிவம். ஆளுக்கு எவ்வளவு வரைக்கும் ஏலும் என்று அதில் தெரிவு செய்ய வேணும். 17,500 வரைக்கும் ஏலும் என்று போட்டவர்கள் பாதிக்குக் குறைவு. அதைப் பார்த்த பிறகு இந்த முறை ட்ரிப் 2 நாள், 1 இரவு, திருகோணமலை. என்ர பக்கத்துக் கட்டில்காரி பெயர் குடுத்திருக்கிறாள். விலையை முழுசாக எழுதின ரிசீட் ரெப்பின் கையில் இருக்கிறது, அதன் படம் 42 பேரின் ஃபோனிலும் இருக்கிறது.